நேபாளத்தில் தோள்களுக்குப் பஞ்சமில்லை: மலையேறப் போகிறவர்கள் பேரிடரில் எப்படி உதவலாம்?

இமயமலைப் பக்கம் பூமி அதிர்ந்தாலோ, வெள்ளம் வந்து ஓர் ஊரை அடித்துக்கொண்டு போனாலோ, மலையேற்றப் பழக்கமுள்ள நண்பர்கள் வட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "டிக்கெட் போட்டாச்சு, லீவும் சொல்லியாச்சு. ஏறப் போற இடத்துலேயே ஒரு வாரம் நிவாரண வேலையும் செஞ்சுட்டு வரலாமா?" கேட்கிறவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். உடம்பில் தெம்பு உண்டு. கூடாரத்தில் படுக்கவும், குளிரில் நடக்கவும், கயிறு கட்டி இறங்கவும் பழகியிருக்கிறார்கள். ஒரு மலைநாடே தவிக்கும்போது இதெல்லாம் உதவாமலா போகும் என்று தோன்றுவது இயல்புதான்.

போகலாம், போகக் கூடாது என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. பேரிடர் நடந்து எத்தனை நாளில் போகிறோம், யார் கூப்பிட்டுப் போகிறோம், அந்த ஊரில் எது குறைவாக இருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். இதை விளங்கிக்கொள்ள 2015 நேபாள நிலநடுக்கத்தைவிடப் பொருத்தமான நிகழ்வு கிடையாது. அது மலையேற்றப் பருவத்தின் உச்சத்தில் நடந்தது. உலகின் பல நாட்டு மலையேறிகள் அன்று நேபாளத்துக்குள்ளேயே இருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் உதவி செய்யும் எண்ணத்தோடு இன்னும் பலர் வந்து இறங்கினார்கள். அவர்களில் யாருடைய உழைப்பு பயன்பட்டது, யாருடையது பாரமானது என்பதைப் பத்து வருடம் கழித்து இன்று நிதானமாகப் பார்க்க முடிகிறது.

சனிக்கிழமை நண்பகல்

2015 ஏப்ரல் 25, நேபாள நேரப்படி காலை 11:56. கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் கிராமத்தை ஒட்டி மையம் கொண்டு, 7.8 அளவில் நிலம் குலுங்கியது. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். 22,000 பேர்வரை காயமடைந்தார்கள். அரசு எடுத்த முதல் கணக்கெடுப்பில் சுமார் 5 லட்சம் வீடுகள் முழுக்க இடிந்திருந்தன; இன்னும் இரண்டரை லட்சம் வீடுகள் சேதமாகியிருந்தன. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. அன்று பள்ளிகள் மூடியிருந்தன, கிராமத்து ஆட்கள் பலர் வயலில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் தரைமட்டமாயின. அது ஒரு வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

அந்த வீடுகள் ஏன் அப்படிச் சரிந்தன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் போய்க் கட்டிக் கொடுக்கலாமே என்ற ஆசை பிறப்பதும் அங்கேதான், தவறிப்போவதும் அங்கேதான். நேபாள மலைக் கிராமத்து வீட்டின் சுவர் ஒன்றரை அடி அகலத்துக்குக் கல்லால் ஆனது. வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, உள்பக்கம் ஒரு கல்வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். சாந்து என்பதும் குழைத்த மண்தான். மழைக்கும் குளிருக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும் சுவர் இது. ஆனால் பக்கவாட்டில் ஆட்டினால் இரண்டு வரிசையும் தனித்தனியே அசைகின்றன. நடுவில் உள்ள சில்லுகள் கீழே இறங்கி ஆப்பாகச் செருகிக்கொள்ள, வெளிவரிசை வயிறு தள்ளிப் பிதுங்கி விழுகிறது. அதன்பின் கூரை உள்ளே இறங்குகிறது. சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கல்லை ஆங்காங்கே வைத்து, ஜன்னல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் மரத்தாலோ கான்கிரீட்டாலோ நான்கு சுவரையும் வளைத்து ஒரு பட்டை கட்டினால், அதே கல்லும் அதே மண்ணும் எவ்வளவோ தாங்கும்.

மலைமேல் நடந்தது வேறு. ஏழாயிரம் மீட்டரைத் தாண்டிய லாங்டாங் லிருங் சிகரத்தின் பக்கத்திலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து லாங்டாங் கிராமத்தின்மேல் விழுந்தன. ஒரு பாறைச் செங்குத்தின் அடியில் ஒண்டியிருந்த ஒரே ஒரு வீடு மிஞ்சியது. 300-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் ஊர்க்காரர்களும் உண்டு, தங்கியிருந்த வெளிநாட்டு நடைப்பயணிகளும் உண்டு. எவரெஸ்ட் அடிவார முகாமில், புமோரி பக்கத்துப் பனி பெயர்ந்து வீசிய காற்றலையில் கூடாரங்கள் பறந்தன. சுமார் 20 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 18 அன்றுதான், அடிவார முகாமுக்கும் முதல் முகாமுக்கும் இடையில் உடைந்த பனிப்பாளங்களாகச் சரியும் கும்பு பனியருவியில் 16 நேபாளத் தொழிலாளிகள் பனிச்சரிவில் பலியாகியிருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் போயின. 2015 வசந்தத்தில் எவரெஸ்ட் உச்சியை யாருமே தொடவில்லை.

முதல் பத்து நாட்கள்

பனியருவி வழியாகப் போட்டிருந்த பாதை உடைந்துவிட்டதால் முதல் முகாமிலும் அதற்கு மேலும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 6,000 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஹெலிகாப்டர் ஒரு தடவைக்கு இரண்டு பேரைத்தான் தூக்க முடியும். ஏப்ரல் 27 அன்று நாள் முழுக்கப் போய்ப்போய் வந்து அவர்களை இறக்கினார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பது உண்மை. அதே நேரத்தில் கோர்க்காவிலும் சிந்துபால்சோக்கிலும் எத்தனையோ கிராமங்கள் முதல் ஹெலிகாப்டருக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதும் உண்மை. வெளிநாட்டு மலையேறிகளுக்கு முதலிடமா என்று அப்போது எழுந்த கோபம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. அந்த நேரத்தில் மலையில் இருக்கும் ஒருவர் செய்யக்கூடிய முதல் தொண்டு, தான் ஓர் இருக்கையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது. காயம் இல்லை, கையில் உணவு இருக்கிறது, கீழே இறங்கப் பாதை இருக்கிறது என்றால் நடந்து இறங்க வேண்டும். வீட்டுக்கும் தூதரகத்துக்கும் தகவல் சொல்லிவிட்டால், நம்மைத் தேடி ஒரு குழு புறப்படும் வீண் வேலை மிச்சமாகும்.

காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. நிவாரணம் ஏற்றிய விமானங்கள் இறங்க இடமின்றி வட்டமடித்தன, சில திரும்பிப் போயின. எடை தாங்காமல் ஓடுபாதை சேதமாக, மே 3 முதல் பெரிய விமானங்களுக்குத் தடை போட்டார்கள். இந்தக் குறுகிய வாசல் வழியாகத்தான் தார்ப்பாயும் மருந்தும் வர வேண்டியிருந்தது, ஆட்களும் வர வேண்டியிருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மீட்புக் குழுக்கள் மோப்ப நாய்களோடும் இயந்திரங்களோடும் வந்தன. பயிற்சியும் கருவியும் ஒழுங்கும் உள்ள குழுக்கள் அவை. அத்தனையும் சேர்ந்து இடிபாடுகளிலிருந்து உயிரோடு எடுத்தது 16 பேரை. மற்றவர்களை வெளியே எடுத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும், நேபாள ராணுவமும் காவல்துறையும்தான், அதுவும் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில். மே முதல் வாரத்திலேயே வெளிநாட்டு மீட்புக் குழுக்களை நேபாள அரசு ஊர் திரும்பச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட குழுக்களுக்கே அந்த நிலை என்றால், ஒரு முதுகுப் பையோடு தனியாக வந்து இறங்கியவர் என்ன செய்திருக்க முடியும்?

நமக்கு இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் லாரி லாரியாக வந்து கொட்டிய பழந்துணி மழையில் நனைந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். கடற்கரை மக்கள் அதைத் தொடவில்லை. அள்ளி அகற்றுவது தனி வேலையாகிப்போனது. கொடுத்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. அங்கே என்ன வேண்டும் என்று கேட்காமல் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

டோக்கோ சுமந்தவர்கள்

மே மாதம் நடுவில் பிரச்சினையின் முகம் மாறியது. ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் கூரைக்குத் தகரமும் தார்ப்பாயும், வயலுக்கு விதையும், வயிற்றுக்கு அரிசியும் மேலே போய்ச் சேர வேண்டும். மே 12-இல் 7.3 அளவில் இன்னொரு பெரிய அதிர்வு வந்து, இருந்த பாதைகளையும் பல இடங்களில் பெயர்த்துவிட்டிருந்தது. சாலை முடிகிற இடத்திலிருந்து ஊருக்கு நான்கு நாள் நடை என்ற நிலையில் இருந்த கிராமங்கள் நிறைய. ஹெலிகாப்டரில் கொண்டுபோகச் செலவு தாங்காது, மேகம் சூழ்ந்தால் அதுவும் பறக்காது.

இங்கேதான் மலையேற்றத் திறமை உண்மையிலேயே தேவைப்பட்டது. உலக உணவுத் திட்டமும் நேபாள மலையேற்றச் சங்கமும் கைகோத்தன. எவரெஸ்ட் பருவம் முறிந்து வேலையற்று நின்ற ஷெர்பா வழிகாட்டிகளையும், ஆயிரக்கணக்கான சுமைதூக்கிகளையும், கோவேறு கழுதை ஓட்டுபவர்களையும் கூலிக்கு அமர்த்தினார்கள். வழிகாட்டிகள் முதலில் போய், எந்தப் பாதை நிற்கும், எந்தச் சரிவு இன்னும் உதிர்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். பின்னாலேயே பாதை செப்பனிடும் ஆட்கள் போனார்கள். அதற்கும் பின்னால் சுமை போனது.

ஒரு சுமைதூக்கி எப்படித் தூக்குகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தால், வெளியூர்க்காரர் அந்த இடத்தில் எதற்கு என்ற கேள்வி தானாக எழும். டோக்கோ என்பது மேலே அகன்று கீழே குறுகிய மூங்கில் கூடை. அதன் பாரத்தை ஏற்பது தோள் அல்ல, தலை. நாம்லோ என்ற பட்டை கூடையின் அடியைச் சுற்றி வந்து, நெற்றிக்குச் சற்று மேலே உச்சியோரம் படிகிறது. கழுத்து நேராக, உடம்பு சற்று முன்சாய்ந்து, அடி மிகச் சிறியதாக வைத்து ஏறுகிறார். கையில் டோக்மா என்ற டி வடிவக் கட்டை. மூச்சு வாங்கினால் கூடையை இறக்கிவைப்பதில்லை. இறக்கினால் திரும்பத் தூக்க இன்னொருவர் வேண்டும். கட்டையைப் பின்பக்கம் ஊன்றி, கூடையின் அடியை அதன்மேல் நிறுத்தி, நின்றபடியே சில நொடிகள் இளைப்பாறுகிறார். பிறகு மறுபடி சில அடிகள். எவரெஸ்ட் வழியில் உள்ள நாம்சே ஊரின் சந்தைக்குப் போகும் பாதையில் சுமைதூக்கிகளை எடைபோட்டுப் பார்த்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் சுமப்பது தெரியவந்தது. சென்னையிலிருந்து போகும் நல்ல தேகக்கட்டுள்ள ஒருவர் அதே பாதையில் 15 கிலோ பையோடு ஏறுவதற்குள் திணறிவிடுவார்.

ஆக, நேபாள மலைகளில் அன்று தோள்களுக்குப் பஞ்சமில்லை. சுமக்கத் தெரிந்தவர்கள், பாதை தெரிந்தவர்கள், ஊர்மொழி தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லாமல் இருந்தது. ஒரு வெளிநாட்டவர் இலவசமாக ஒரு மூட்டையைச் சுமந்தால், பருவம் முழுக்க வருமானம் இழந்த ஒருவரின் அன்றைய கூலி அந்த மூட்டையோடு போய்விடுகிறது. தான் போக வர ஆகும் விமானச் செலவில் அந்த ஆளுக்குப் பல வாரக் கூலி கொடுத்திருக்கலாம். வெளிநாட்டுப் பயணத்தையும் தொண்டையும் சேர்த்து யோசிக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

இந்தியாவிலும் இதே பாடம் உண்டு. 2013 ஜூன் வெள்ளத்தில் கேதார்நாத் நடைபாதை, வழியில் இருந்த ராம்பாடா என்ற ஊரோடு சேர்ந்து அழிந்தபோது, அடுத்த ஆண்டு பாதையை மீண்டும் போடும் பொறுப்பு உத்தர்காசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. பனியிலும் உயரத்திலும் ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மந்தாகினியின் மறுகரையில் புதிய தடம் எடுத்தார்கள். மலையேற்றம் கற்றவர்களால் பேரிடரில் உதவ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் அவர்கள் ஓர் அமைப்பாக, ஆணை பெற்று, மாதக்கணக்கில் அங்கேயே தங்கிச் செய்தார்கள்.

யார் பயன்பட்டார்கள்?

வெளிநாட்டவர் ஒருவரும் பயன்படவில்லை என்று சொன்னால் அது பொய். எவரெஸ்ட் வழியில் 4,300 மீட்டருக்கு மேல் பெரிச்சே என்ற சிற்றூர் இருக்கிறது. இமயமலை மீட்புச் சங்கம் 1973 முதல் அங்கே ஒரு சிறு மருத்துவ நிலையம் நடத்துகிறது. 2003 முதல் அடிவார முகாமிலும் பருவகாலத்தில் ஒரு மருத்துவக் கூடாரம் போடுகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் உலகின் பல பகுதிகளிலிருந்து தன்னார்வ மருத்துவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து, நேபாளத்தில் மருத்துவம் பார்க்க அனுமதி பெற்று, வாரக்கணக்கில் அங்கே தங்குகிறார்கள். ஏப்ரல் 25 அன்று அடிவார முகாமின் மருத்துவக் கூடாரமும் பனிக்காற்றில் சிதைந்தது. மருத்துவர்கள் மற்றொரு குழுவின் கூடாரங்களில் இரவெல்லாம் காயங்களுக்குக் கட்டுப்போட்டார்கள். மறுநாள் காலை மேகம் விலகியதும் காயம்பட்டவர்கள் ஹெலிகாப்டரில் பெரிச்சேக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து விமானத்தளம் உள்ள லுக்லாவுக்கும் காத்மாண்டுக்கும் போனார்கள்.

அந்த மருத்துவர்கள் உதவ முடிந்ததற்குக் காரணம், அவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். உடம்பு உயரத்துக்குப் பழகியிருந்தது. கையில் அனுமதி இருந்தது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருந்தது. செய்தி பார்த்துவிட்டுப் புறப்பட்டு லுக்லாவில் இறங்கும் ஒருவர், பெரிச்சேயில் நின்று வேலைசெய்யும் நிலைக்கு வரவே ஐந்தாறு நாளாகும். அவசரப்பட்டு ஏறினால் அவரும் நோயாளியாகிப் படுப்பார். மலையேற்றமும் தொண்டும் உண்மையாக ஒன்று சேர்கிற வழி எது என்று என்னைக் கேட்டால் இந்த மாதிரியைத்தான் காட்டுவேன்.

ஊரைவிட்டு நகராமல் உதவியவர்களும் உண்டு. காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற சிறு நேபாள அமைப்பு, நிலநடுக்கத்துக்கு முன்பிருந்தே திறந்தவெளி வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தம் நாட்டைப் பதிவுசெய்து வந்தது. நடுக்கம் வந்ததும் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் வரைந்து கொடுத்தார்கள். எந்தக் கிராமத்துக்கு என்ன வேண்டும் என்ற தகவலை அந்த அமைப்பு ஒரு வரைபடத்தில் திரட்டியது. காத்மாண்டு பள்ளத்தாக்கின் சானேபா பகுதியில் யெல்லோ ஹவுஸ் என்ற தங்கும் விடுதியில் கூடிய இளைஞர்கள், அந்தத் தகவலை வைத்து அரிசியும் தார்ப்பாயும் வாங்கி வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மலைப்பாதையை வரைபடத்தில் வாசிக்கத் தெரிந்த ஒரு மலையேறி, மதுரையில் உட்கார்ந்தபடியே இந்த வேலையைச் செய்ய முடியும்.

வீடு கட்டிக் கொடுக்கலாமே?

இதுதான் பலருக்கும் பிடித்த யோசனை. ஒரு வாரம் கல் சுமந்து, மண் குழைத்து, ஒரு குடும்பத்துக்கு வீடு எழுப்பிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவது. மனம் நிறையும்தான்.

ஆனால் நேபாளத்தில் மறுகட்டுமானம் எப்படி நடந்தது என்று பாருங்கள். 2015 டிசம்பரில் தேசிய மறுகட்டுமான ஆணையம் அமைந்தது. வீடிழந்த குடும்பத்துக்கு முதலில் 2 லட்சம் நேபாள ரூபாய் என்று அறிவித்து, பிறகு 3 லட்சமாக உயர்த்தினார்கள். அதை மூன்று தவணையாகக் கொடுத்தார்கள்: ஒப்பந்தம் போட்டதும் 50,000, அடித்தளம் முடிந்ததும் ஒன்றரை லட்சம், சுவர் கூரைமட்டம் வந்ததும் மீதி ஒரு லட்சம். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் அரசுப் பொறியாளர் வந்து பார்ப்பார். குறுக்குக் கல் வைத்திருக்கிறதா, பட்டை சரியான மட்டத்தில் சுற்றி வருகிறதா, மூலைகள் பிணைந்திருக்கின்றனவா என்று சோதிப்பார். சரியில்லை என்றால் திருத்தும்வரை அடுத்த தவணை வராது. கட்டடக்கலை தெரியாத தன்னார்வலர்கள் பத்து நாளில் எழுப்பிய சுவரால், அந்தக் குடும்பம் தன் உரிமைப் பணத்தையே இழந்து நிற்க நேரலாம். அதைவிட மோசம், அடுத்த நடுக்கத்தில் அதே சுவர் அதே குடும்பத்தின்மேல் விழலாம்.

பஞ்சம் இருந்தது கொத்தனார்களுக்குத்தான். வேலை தேடி வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்ட இளைஞர்களால் காலியாகிக் கிடந்த ஊர்கள் அவை. உள்ளூரில் இருந்த கொத்தனார்களுக்கும், புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்கும் நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சிக்குக் கொடுத்த பணம் ஊரிலேயே தங்கியது, கற்ற தொழிலும் ஊரிலேயே தங்கியது.

எட்மண்ட் ஹிலாரியின் பெயரை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. வெளிநாட்டு மலையேறி கட்டிக் கொடுத்ததற்கு எல்லாரும் காட்டும் முன்னுதாரணம் அவர். 1961-இல் கும்ஜுங் பள்ளி, 1964-இல் லுக்லா விமானத்தளம், 1966-இல் குண்டே மருத்துவமனை. ஆனால் அவர் செய்த விதம் வேறு. ஷெர்பாக்கள் கேட்டதைக் கட்டினார். அவர்களோடு சேர்ந்து, அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டினார். அதற்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்து, ஆண்டு தவறாமல் திரும்பி வந்தார். 1975-இல் பாப்லுவில் மருத்துவமனை வேலை நடந்துகொண்டிருந்தபோது, அவரிடம் வரப் புறப்பட்ட மனைவியும் இளைய மகளும் காத்மாண்டு அருகே விமான விபத்தில் இறந்தார்கள். அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஒரு விடுமுறைக்குள் முடித்துவிட்டுப் போகும் காரியமாக அவர் அதை நினைக்கவே இல்லை.

குழந்தைகள் காப்பகங்களும் சட்டமும்

"மலையேற்றம் பத்து நாள், அனாதைக் குழந்தைகளோடு ஒரு வாரம்" என்று பொட்டலம் கட்டி விற்கும் பயணங்களைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: போகாதீர்கள். நேபாளக் காப்பகங்களில் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். காப்பகங்கள் வறுமையான மாவட்டங்களில் இல்லை. காத்மாண்டு, பொக்காரா, சித்வன் என்று வெளிநாட்டவர் வந்துபோகும் இடங்களில் குவிந்திருக்கின்றன. வருகிறவர்கள் பணம் கொடுப்பதால்தான் கிராமத்திலிருந்து குழந்தைகள் அழைத்து வரப்படுகிறார்கள். நிலநடுக்கத்துக்குப் பின் இது பெருகிவிடும் என்று அஞ்சித்தான் நேபாள அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது; உரிய அனுமதி இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகவும் தடை போட்டது.

சட்டத்திலும் ஒரு விஷயம் உண்டு. சுற்றுலா விசாவில் நேபாளம் போகிறவர் சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ வேலை செய்யக் கூடாது. கனடா, பிரிட்டன், இலங்கை, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் போகும் தமிழர்களுக்கு இது அப்படியே பொருந்தும். இந்தியர்களுக்கு விசாவே தேவையில்லை. ஆனால் விசா வேண்டாம் என்பதாலேயே பாதிக்கப்பட்ட ஊருக்குள் யாரையும் கேட்காமல் நுழையலாம் என்று ஆகிவிடாது.

அடுத்த பருவம்

எல்லாரும் வரத் துடித்தது முதல் மாதத்தில். வர வேண்டியிருந்ததோ அதற்குப் பிறகு. 2014-இல் நேபாளத்துக்கு 7.9 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2015-இல் அது 5.4 லட்சமாகச் சரிந்தது. எவரெஸ்ட் பகுதியிலும் அன்னபூர்ணா பகுதியிலும் பாதைகளைப் பொறியாளர்கள் நடந்து பார்த்து, பெரும்பகுதி பாதுகாப்பானது என்று அந்த ஆண்டு கோடையிலேயே சொல்லிவிட்டார்கள். அக்டோபரில் வானம் தெளிந்தது, தேநீர் விடுதிகள் திறந்தன, ஆட்கள் வரவில்லை. போதாக்குறைக்கு இந்திய எல்லையில் சரக்குப் போக்குவரத்து முடங்கி, எரிபொருளும் சமையல் எரிவாயுவும் மாதக்கணக்கில் கிடைக்காமல் போயின.

ஒரு நடைப்பயணி ஒரு பாதையில் நடந்தால் அவர் பணம் எங்கெல்லாம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். வழிகாட்டிக்கு, சுமைதூக்கிக்கு, இரவு தங்கும் விடுதி நடத்தும் அக்காவுக்கு, அந்த விடுதிக்கு உருளைக்கிழங்கு கொடுக்கும் விவசாயிக்கு, கீழிருந்து மாவும் எண்ணெயும் ஏற்றி வரும் கழுதைக்காரருக்கு. நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. உழைத்த காசு, கணக்குச் சொல்ல வேண்டாத காசு.

லாங்டாங்கில் தப்பியவர்கள் காத்மாண்டில் சுயம்பு அருகே உள்ள ஒரு மடத்து வளாகத்தில் மாதக்கணக்கில் கூடாரமிட்டுத் தங்கினார்கள். அங்கிருந்தபடியே தங்களுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். வந்த நன்கொடையை எப்படிப் பகிர்வது, எப்போது மேலே திரும்புவது, புதிய ஊரை எங்கே கட்டுவது என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். சரிவுக் குவியலைத் தாண்டிச் சற்று மேலே வீடுகளும் விடுதிகளும் மறுபடி எழுந்தன. அந்தப் பள்ளத்தாக்குக்கு மலையேறிகள் திரும்பப் போகத் தொடங்கியது அந்த மக்களுக்குப் பெரிய பலம். பணம் அனுப்ப நினைக்கிறவர்களும் இப்படி ஊர்க்காரர்களே நடத்தும் குழுவைத் தேடிப் பிடித்து அனுப்புவது நல்லது.

இந்தக் கேள்வி 2015-ஓடு முடியவில்லை. 2024 ஆகஸ்ட் 16 அன்று, எவரெஸ்டை ஒட்டிய கும்பு பகுதியில் தாமே கிராமத்துக்கு மேலிருந்த பனியேரி உடைந்து வெள்ளம் இறங்கியது. டென்சிங் வளர்ந்த ஊர் அது, எவரெஸ்டில் அதிக முறை ஏறிய காமி ரீட்டாவின் ஊரும் அதுவே. பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் பல வீடுகளும் போயின. பகலில் வந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வெப்பம் ஏற ஏற இப்படிப்பட்ட ஏரிகள் பெருகுகின்றன. கும்புவிலோ லாங்டாங்கிலோ ஏறப் போகிற ஒவ்வொருவரும் இனி ஏதோ ஒரு பேரிடரைத் தாண்டி மீண்டு வரும் ஓர் ஊர் வழியாகத்தான் நடக்கப் போகிறார்கள்.

ஆகவே போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பேரிடர் நடந்த முதல் சில வாரங்களில் பயணத்தைத் தள்ளிவையுங்கள், ரத்து செய்யாதீர்கள். முன்பணத்தை நிறுவனத்திடமே விட்டுவைத்து அடுத்த பருவத்துக்கு மாற்றிக்கொண்டால், அந்த வழிகாட்டிக்கு வேலை உறுதியாகிறது. மருத்துவர், செவிலியர், கட்டடப் பொறியாளர் என்று கையில் தொழில் உள்ளவர்கள் முறையான அமைப்பு ஒன்றுக்கு இப்போதே எழுதுங்கள். அடுத்த நடுக்கம் வந்த பிறகு எழுதிப் பயனில்லை. எந்த நிறுவனத்தோடு போனாலும் சுமைதூக்கிக்குக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, ஒருவருக்கு எத்தனை கிலோ ஏற்றுகிறார்கள், இரவில் அவர் எங்கே தூங்குவார் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கேட்கிற வாடிக்கையாளர்கள் கூடக்கூட நிறுவனங்கள் மாறுகின்றன. கீழ் மாவட்டங்களிலிருந்து வரும் சுமைதூக்கிகள் பலருக்கு உயரத்துக்கேற்ற உடை கிடையாது. காத்மாண்டின் தமேல் பகுதியில் கீப் என்ற அமைப்பு அவர்களுக்காக ஒரு துணி வங்கி வைத்திருக்கிறது; ஏறப் போகும்போது அங்கே கடனாக வாங்கி, இறங்கியதும் திருப்பிக் கொடுப்பார்கள். பயணம் முடிந்து ஊர் திரும்பும்போது பஞ்சுக் கோட்டும் கையுறையும் நல்ல நிலையில் இருந்தால், துவைத்து அங்கே கொடுத்துவிட்டு வரலாம்.